மாமி பாடாத நான்கு வருடங்கள்

1

போன செவ்வாய்க்கிழமை என் மனைவிக்கு இரண்டு தகப்பன்மார் இருப்பதாக மலாயா அரசாங்கம் கண்டுபிடித்தது. இருபது வருடத்துக்கு மேல் அவளோடு குடித்தனம் நடத்துபவனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று அந்த அதிகாரி என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

விஷயம் இதுதான். வரும் மாதம் என் மாமியாரின் ஆண்டுத் திவசம். ஊருக்குப் போவதற்காக என் மனைவி தங்கத்துக்குப் பிரயாணக் கடதாசி எடுக்க ஈப்போவிலுள்ள அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். மகள் செல்வியும் வந்தாள். அவள் வராவிட்டால் அங்கே எங்களை யாரும் ஆளாக மதிப்பதில்லை. நான் இந்த நாட்டில் இருபது வருடமாக லிகிதராக இங்கிலீஷில் கடிதம் எழுதும் வேலை பார்க்கிறவன். ஆனாலும் நான் இங்கிலீஷ் பேசத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் காதைச் சற்றுத் திருப்பிக்கொள்வார். செல்வி பேசினால் நாற்காலி போடுகிறார்கள்.

அதிகாரி இளம் சீனர். இரண்டு கடதாசிகளை மேசையில் அருகருகே வைத்தார். ஒன்று தங்கத்தின் பிறப்புப் பத்திரம். அதில் தகப்பன் பெயர் கந்தப்பர். மற்றது அவள் பினாங்கில் வந்திறங்கியபோது எழுதிய பதிவு. அதில் தகப்பன் பெயர் வேலு.

"இதில் யார் உண்மையான தகப்பன்?"

"இரண்டும் ஒரே ஆள்தான்" என்றேன். "பினாங்கில் பெயர் கேட்டது என் மாமியாரிடம். அவர் தம் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார். எங்கள் ஊர் வழக்கம்."

அதிகாரி செல்வியைப் பார்த்தார். எனக்கும் தனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதுபோல் செல்வி சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தாள்.

"பெயர் சொல்லாமல் அந்த மனிதரைச் சாப்பிட எப்படிக் கூப்பிட்டாராம்?" என்று அவர் கேட்டார். செல்வி வேண்டாவெறுப்பாக அதைத் தாய்க்குச் சொன்னாள்.

"பசிச்சா மனிசன் தானா வருவார்கா" என்றாள் தங்கம்.

இதை மொழிபெயர்க்கச் செல்வி மறுத்துவிட்டாள்.

கடைசியில், கந்தப்பரும் வேலுவும் ஒருவரே என்று நான் சத்தியக் கடதாசி எழுதிக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கந்தனும் வேலனும் ஒருவரே என்று சத்தியம் செய்ய எந்தச் சைவனும் தயங்கமாட்டான். ஆனால் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் மாமியைப் பற்றிய பேச்சு நின்றபாடில்லை. மூன்று பக்கம் எழுதிய பிறகும் சத்தியத்துக்கு வந்து சேரவில்லை. அரசாங்கத்துக்கு வேண்டாத அந்த மிச்சத்தை ஊரிலுள்ளவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். மாமியை அறிந்தவர்கள் பிழை திருத்திக்கொள்ளுங்கள். அவர் இருந்திருந்தால் முதலில் திருத்துபவர் அவராகத்தான் இருந்திருப்பார்.

2

மாமியின் பெயர் நாகம்மை. களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரைக் கிராமமொன்றில் நிறைய வயலுள்ள கந்தப்பர் போடியாரின் மனைவி. நாற்பதாவது வயதில் தாலி போயிற்று. அப்போது கடைசி மகள் தங்கத்துக்கு இரண்டு வயது. கந்தப்பரின் சகோதரர்கள் வந்து, வயல் வட்டையை இனித் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்களாம். மாமி அவர்களுக்குச் சோறு போட்டார், வெற்றிலை கொடுத்தார். மறுநாள் விடிந்ததும் தோணியில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய், வயல் வரம்பில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் குடை இருபது வருடம் அங்கிருந்து அகலவில்லை.

அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. கவி கட்டத் தெரியும். அம்மனுக்குக் கொம்பு விளையாட்டு நடக்கும் நாட்களில் எங்கள் ஊர்கள் சேரி என்னும் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒன்றையொன்று வசைபாடுவது வழக்கம். மாமிக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, எதிர்ச்சேரிப் பாட்டுக்குப் பதில் கிடைக்காமல் இவர் சேரி ஆண்கள் விழித்துக்கொண்டு நின்றார்களாம். வேலிக்கு அப்பாலிருந்து இவர் நாலு வரி சொல்லிக் கொடுத்தார். எதிர்ச்சேரி அன்று வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ஒருவர் அந்தக் கவி தன்னுடையது என்று தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். மாலைக்குள் அவரைப் பற்றி ஒரு கவி ஊரில் உலாவத் தொடங்கிவிட்டது. அதை யார் கட்டினார்கள் என்று கேட்கும் துணிவு ஒருவருக்கும் வரவில்லை.

சிரிக்கவைக்கும் கவி மட்டுமல்ல, செத்த வீட்டு ஒப்பாரியும் மாமி பாடினால்தான் ஒப்பாரி. செத்தவர் எந்தக் குளத்தில் மீன் பிடித்தார், எந்தப் பிள்ளையை எப்படிக் கூப்பிட்டார் என்பதெல்லாம் அதில் வரும். எட்டு ஊரிலிருந்தும் வண்டி அனுப்பிக் கூப்பிடுவார்கள்.

இந்த வீட்டுக்குத்தான் நான் மாப்பிள்ளையாகப் போனேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடிப்பவன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் இருக்கவேண்டியவன். நான் படுவான்கரையான், மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரில், புதிதாகச் சேர்ந்த லிகிதர். பெட்டியில் ஒரு கோட்டும் இரண்டு காற்சட்டையும் இருந்தன. அந்தக் கோட்டைக் கண்டு ஊர் வாயைப் பிளக்கும் என்று எண்ணியிருந்தேன். ஊர் வாயைப் பிளந்தது உண்மைதான், ஆனால் சிரிப்பதற்கு.

மாமியார் மருமகனோடு நேரே பேசுவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. எனக்குச் சொல்லவேண்டியதை எனக்குக் கேட்கும்படி மகளிடம் சொல்வார். நான் சேற்றுக் காலோடு படியேறினால், "தங்கம், காலைக் கழுவாம ஊட்டுக்குள்ள போற ஆக்களும் உலகத்தில இரிக்காங்க" என்று குரல் வரும். மகள் இல்லாவிட்டால் பசுமாட்டிடம் சொல்வார். இரண்டு வருடத்தில் அந்தப் பசு என்னைப் பற்றி அறியாதது ஒன்றுமில்லை.

முதல் அறுவடைக்கு என்னையும் வயலுக்கு அனுப்பினார்கள். கதிரைப் பரப்பி எருமைகளை விட்டுச் சூடு மிதிக்கும் களவெட்டிக்குள் பெண்கள் கால் வைப்பதில்லை. மாமி வரம்பில் நின்றபடியே எல்லாவற்றையும் நடத்துவார். களவெட்டிக்குள் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும். முடிந்தது, தீர்ந்தது என்ற சொற்கள் அங்கே வாயில் வரவே கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும், நானும் வயற்காரன் பிள்ளைதான். ஆனால் கச்சேரிக்குப் போய் ஒரு வருடத்தில் என் வாய் கச்சேரி வாயாகிவிட்டிருந்தது. உச்சி வெயிலில் எருமைகள் சுற்றிவர, எல்லாரும் பக்தியோடு பொலி பாடிக்கொண்டிருக்கும்போது, நான் கோட்டோடு உள்ளே போய், அதிகாரி மாதிரி இடுப்பில் கை வைத்து, "நெல்லெல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

பாட்டு நின்றது. எருமைகள்கூட நின்றதாகத்தான் எனக்கு ஞாபகம். ஒரு கிழவர் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டார். அந்த வருட விளைச்சலுக்கே நான் கொள்ளி வைத்துவிட்டேன் என்பது எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. அப்போது வரம்பிலிருந்து மாமி எருமைகளைப் பார்த்துப் பாடினார்:

கோட்டுப் போட்ட மாப்பிள்ளைக்குக்
கொப்பி எழுத்துத் தெரியுமடி
பாட்டம் பாட்டமாய்ப் பொலி வந்தால்
பாழ்வாய் மூடத் தெரியாதடி

களவெட்டி முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. கைத்தடிக் கிழவர் சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் சொன்ன சொல் அந்தச் சிரிப்பில் கரைந்துபோயிற்று. மறுபடி பொலி பாடினார்கள். எல்லாரும் என்னை முறைத்துக்கொண்டு போயிருந்தால் அந்த ஊரில் நான் தலை நிமிர்ந்திருக்க முடியாது என்பதும், மாமி அன்று என்னைக் காப்பாற்றினார் என்பதும் எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் விளங்கிற்று. அப்போது விளங்கியது அவமானம் ஒன்றுதான்.

தை பிறப்பதற்குள் பாட்டு மட்டக்களப்புப் பட்டணத்தை அடுத்த கல்லடி வரை போய்விட்டது. கச்சேரியில் நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது பின்னாலிருந்து யாரோ முணுமுணுப்பார்கள். மலாயாவில் லிகிதர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே விண்ணப்பித்தேன். பெரிய சம்பளத்துக்காகக் கடல் கடந்தேன் என்றுதான் இங்குள்ளவர்களிடம் சொல்லி வருகிறேன். உண்மையில் நான் கடல் கடந்தது நாலு வரிக்குப் பயந்து.

3

தங்கத்தையும் அழைத்துப் போவதாகச் சொன்னபோது மாமி பசுவிடம் சொன்ன பதில் இது: "போறவர் போகட்டும். ஊட்டைக் கப்பலில ஏத்தேலாது. ஊடு இரிக்கிற இடத்திலதான் பொம்புளையும் இரிப்பா."

இரண்டு வருடம் தனியாக இருந்தேன். என் சமையலைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரையின் மதிப்புக் குறையும். கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். எனக்குச் சாதாரணத் தடிமன் காய்ச்சல் வந்தபோது, "இம்முறை பிழைப்பேனோ தெரியாது, தங்கத்தின் கையால் ஒரு வாய் கஞ்சி குடித்தால் போதும்" என்று ஊருக்கு எழுதினேன். மனைவியை அனுப்பிவைப்பார்கள் என்பது என் கணக்கு.

தங்கம் கடிதத்தை வாசிக்க, மாமி பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டாராம். "அப்ப போய்ப் பாப்பம்" என்றாராம். "மனிசன் செத்திருந்தா உன்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாறன். இருந்தா உன்னை விட்டிட்டு வாறன். மறுகா என்ன கதை?"

அறுபது வயது. வாவியைத் தவிர வேறு தண்ணீரைக் கடந்தறியாதவர். அப்போதுதான் மட்டக்களப்புக்குப் புதிதாக வந்திருந்த ரயிலில் மகளோடு ஏறிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கப்பலில் பினாங்குக்கு வந்தார். வருகிறோம் என்று எனக்குத் தந்தி வந்தது. காய்ச்சல் போய் இரண்டு மாதமாகியிருந்தது. நான் முன்னைவிடக் கொழுத்திருந்தேன்.

துறைமுகத்தில் வரிசையாக நிறுத்திப் பெயர் எழுதினார்கள். மொழிபெயர்க்க இருந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மாமியிடம் புருஷன் பெயரைக் கேட்டார்.

"மயிலில ஏறி வாறவர்ட பேர்" என்றார் மாமி.

"முருகனா?"

"அவருக்கு இன்னும் பேர் இரிக்கிதே."

"வேலுவா?"

மாமி வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றிருந்தார். "அதும் அவர்தான்" என்றார். வேலு என்று எழுதினார்கள். அடுத்து தங்கத்திடம் அவள் புருஷன் பெயரைக் கேட்டார்கள். அவள் வெட்கத்தோடு, "அவர் அந்தா நிக்கார்" என்று கையைக் காட்டினாள். வேலிக்கு வெளியே அறுபது எழுபது ஆண்கள் நின்றோம். என்னைத் தேடிப்பிடித்து உள்ளே கூட்டிப்போக அன்று பின்னேரமாகிவிட்டது.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: "தங்கம், காய்ச்சல் இவருக்கு நல்லா ஒத்துப் போயிரிக்கி."

4

ஒரு மாதத்துக்கென்று வந்தவர் ஒரு வருடத்துக்கு மேல் நின்றார். தங்கம் கர்ப்பமானதுதான் காரணம். பேறு முடியாமல் போகமாட்டேன் என்றுவிட்டார்.

எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துப் பெரிய கிளாக்கர், கந்தோரில் என் மேலாள். அவர் என் தமிழைக் கேட்டு நித்தமும் சிரிப்பார். நானும் அவருடைய பேச்சைப் பின்பற்றப் பார்த்து, இரண்டும் கலந்து, இருவருக்கும் விளங்காத ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே மாமியிடம் கேட்டார்:

"உங்கட மட்டக்களப்பு ஆக்கள் ஆம்பிளையளை மந்திரம் போட்டுப் பாயோட ஒட்டிப்போடுவினமாம், மெய்யோ?"

உள்ளே இருந்த நான் கதவருகே வந்தேன்.

"ஓங்கா" என்றார் மாமி. "ஆனா ஆளைப் பாத்துத்தான் ஒட்டிற. ஒங்கட மனிசனை ஒட்டிறத்துக்குப் பாய் காணாது."

பெரிய கிளாக்கர் நல்ல பருத்த சரீரம். எனக்கு அன்றிரவே வேலை போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் எங்கள் வாசல் கதவு ஆடியது. அன்றிலிருந்து மாலைதோறும் நாலைந்து பெண்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். மாமி ரப்பர் மரத்தைப் பற்றிப் பாடினார், இடைவிடாத மழையைப் பற்றிப் பாடினார், எங்கள் கந்தோர் மணியைப் பற்றிப் பாடினார். எல்லாவற்றிலும் எங்காவது ஒரு மூலையில் நான் இருந்தேன்.

செல்வி பிறந்தாள். பெண் பிள்ளை என்றதும் மாமி, "ஊட்டுக்கு ஆள் வந்திட்டு" என்று கையைத் தட்டினார். எந்த வீட்டுக்கு என்று நான் கேட்டிருக்கவேண்டும். மூன்று மாதம் கழித்து, ஊருக்குத் திரும்பப் பெட்டி கட்டும்போதுதான் தெரிந்தது.

"தங்கம், புள்ளைய நான் கொண்டு போறன். பால் குடி மறக்கிற வரைக்கும் நீயும் வா. மறுகா நீ இஞ்ச வரலாம். புள்ள அங்க வளரட்டும்."

தங்கம் தாய் சொல்லுக்கு மறுசொல் சொல்லிப் பழக்கமில்லாதவள். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் பிள்ளையின் தலையில் விழுந்தது. நான் பத்திரிகையை விரித்துப் பிடித்திருந்தேன், வாசிக்கவில்லை.

"புள்ள இஞ்சதான் இரிக்கும், மாமி" என்றேன்.

அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாயிருந்தது. மாமி திரும்பி, என் கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, என் முகத்தை நேரே பார்த்துப் பேசினார்.

"என்னத்துக்கு?"

"தாயும் தகப்பனும் இஞ்ச இரிக்கக்குள்ள புள்ளைய எப்பிடி அனுப்பிற?"

"ஊடு அங்க இரிக்கி. அது அவள்ட ஊடு."

"ஊடு இரிக்கட்டும். வளந்தாப் பிறகு வந்து பாக்கட்டும்."

"வந்து பாக்கிறத்துக்கு அவள் என்ன விருந்தாளியா?"

அதற்குப் பதிலைப் பதினெட்டு வருடமாகத் தேடுகிறேன், இன்னும் அகப்படவில்லை. இன்று செல்வி தன் சிநேகிதிகளோடு மலாயில் சிரிக்கிறாள், இங்கிலீஷில் கோபிக்கிறாள். தமிழ் பசிக்கும் காய்ச்சலுக்கும் மட்டும்தான். "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் "சூடா" என்கிறாள். சாப்பிட்டாயிற்று என்பதற்கு மலாய்ச் சொல். தங்கம் உடனே தேத்தண்ணியைச் சூடுபண்ணி எடுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

மாமி தனியாகவே ஊருக்குப் புறப்பட்டார். பினாங்கில் கப்பலேறும்போது பிள்ளையின் உள்ளங்காலை ஒருமுறை மோந்து பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. படியேறிய பிறகு திரும்பியும் பார்க்கவில்லை.

அதன் பிறகு மாமியிடமிருந்து ஒரு கவியும் வரவில்லை. முன்பெல்லாம் கடிதத்தின் அடியில் மற்றவர் கையெழுத்தில் நாலு வரி இருக்கும், அநேகமாக என்னைத் திட்டி. இப்போது தங்கத்தின் அண்ணன், என் மச்சான், மழை, விளைச்சல், மாடு என்று எழுதி முடித்துவிடுவார். திட்டு வராத கடிதத்தைப் பிரிக்கும்போதெல்லாம் தங்கம் கடதாசியின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பாள். நானும்தான்.

5

பிறகு ஜப்பான்காரன் வந்தான். ஊரோடு இருந்த தபால் அறுந்தது.

அந்தக் காலத்து வீரக் கதைகள் என்னிடம் இல்லை. எல்லாரும் மரவள்ளி நட்டார்கள், நானும் நட்டேன். என் பாத்தி மட்டும் முளைக்க மறுத்தது. தடியைத் தலைகீழாக நட்டிருக்கிறேன் என்று பெரிய கிளாக்கரின் மனைவி வந்து பிடுங்கிக் காட்டினார். போடியார் வீட்டு மருமகன்! மாமி காணவில்லையே என்று அன்று நிம்மதியாயிருந்தது. ஜப்பானிய மொழியும் படித்தேன். வணக்கம் சொல்லவேண்டிய இடத்தில் நன்றி சொல்லி ஒரு சிப்பாயிடம் கன்னத்தில் வாங்கியதோடு அந்தப் படிப்பை நிறுத்திக்கொண்டேன். பெரிய கிளாக்கரை ஒருநாள் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்குத் தெரியாது.

யுத்தம் முடிந்து தபால் திறந்த முதல் வாரமே நாங்கள் மூவரும் உயிரோடிருப்பதாக எழுதினோம். மூன்று மாதம் கழித்து மச்சானின் பதில் வந்தது. பதினொரு பக்கம். மழையும் மாடும் அதில் இல்லை.

மலாயாவில் குண்டு விழுந்தது, நம்மவர்களைக் காட்டுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள் என்று ஊரில் கதை பரவியிருந்தது. ஒரு வருடம் பார்த்தார்கள், இரண்டு வருடம் பார்த்தார்கள். பிறகு உறவினர் கூடி, எங்களுக்குச் செய்யவேண்டிய கிரியையைச் செய்து, தங்கத்தின் வீட்டை அவள் அக்காவின் மகளுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று மாமியிடம் சொன்னார்கள். அக்காவின் மகள் கலியாண வயதில் இருந்தாள். நியாயமான பேச்சுத்தான்.

மாமி சொன்னதை மச்சான் அப்படியே எழுதியிருந்தார்: "என்ட மருமகன் சும்மா சாகிற ஆளில்ல. சாகிறதெண்டாலும் மூணு கடுதாசியில எழுதி, பெரிய துரைக்கு அனுப்பி, உத்தரவு வந்தாத்தான் சாவார். அந்த உத்தரவு இன்னும் வரல்ல."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பேச்சு அதோடு போயிற்று. மாமி தினமும் காலையில் மூத்த மகள் வீட்டிலிருந்து வந்து தங்கத்தின் வீட்டுக் கதவைத் திறந்து, கூட்டி, தண்ணீர் தெளித்து, மாலையில் சாத்தினாராம். ஒரு நாளும் தவறவில்லையாம்.

இதை வாசித்தபோது நானும் சிரித்தேன். தங்கமும் சிரித்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பிய பிறகு இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த நான்கு வருடமும் மாமி ஒரு செத்த வீட்டிலும் ஒப்பாரி பாடவில்லை. வண்டி அனுப்பினால் போவார். பெண்களோடு உட்காருவார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார். வாவியில் மீன்பிடிக்கப் போன ஒருவன் தோணி கவிழ்ந்து செத்தபோது, அவன் தாய் மாமியின் காலைப் பிடித்து, "ஒரு சொல்லாவது பாடுங்ககா" என்று அழுதாளாம். மாமி தலையை மட்டும் ஆட்டினாராம். போடியார் பெண்சாதிக்குப் பெருமை வந்துவிட்டது, ஏழை வீட்டில் பாட மனமில்லை என்று ஊர் பேசிற்று. சிலர் வண்டி அனுப்புவதையே நிறுத்தினார்கள். மாமி ஒருவருக்கும் காரணம் சொல்லவில்லை.

எங்கள் கடிதம் போய்ச் சேர்ந்த அன்று, மச்சான் அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். அதன் பிறகுதான் மாமி சொன்னார்:

"பாடுறத்துக்கு வாயைத் திறந்தா, செத்த ஆளுட பேர் வரல்ல மனே. தங்கத்துட பேர்தான் முதல்ல வந்திச்சி. ஒரு தரம் வெளியால வந்திட்டா அவள் செத்தவள்தான். அதனாலதான் பொத்திக்கொண்டிருந்தன்."

மறுநாள் காலை கைத்தடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. முதலில் அந்த மீன்காரத் தாயின் குடிசைக்குப் போனார். மகன் செத்து இரண்டரை வருடமாகியிருந்தது. மாமி வாசலில் நிலத்தில் உட்கார்ந்து அவனுக்குப் பாடினார். அவன் தோணி, அவன் வலை, சின்ன வயதில் அவன் எங்கள் மாமரத்தில் கல்லெறிந்தது எல்லாம் பாடினார். அந்தத் தாய் ஓடிவந்து மாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு. பிறகு அடுத்த ஊருக்கு. நான்கு வருடத்தில் செத்த ஒருவரையும் அவர் மறக்கவில்லை. வாவிக்கு அப்பாலும் தோணியில் போனார். சில வீட்டார் கதவைத் திறக்கவில்லை. மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து பாடிவிட்டு எழுந்து போனார். எல்லா வீட்டுக்கும் போய்வர ஒரு மாதம் எடுத்தது என்று மச்சான் எழுதியிருந்தார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தின் பின்னால் நாலு வரி இருந்தது. மரவள்ளி விஷயத்தைத் தங்கம் தன் கடிதத்தில் எழுதித் தொலைத்திருக்கிறாள். அந்தக் கவியை மட்டும் இங்கே எழுதமாட்டேன். ஊரில் எல்லாருக்கும் இப்போது பாடமாயிருக்கும்.

6

சத்தியக் கடதாசியை நேற்று ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த கப்பலில் மூவரும் வருகிறோம். திவசத்துக்கு இரண்டு நாள் பிந்தித்தான் வந்து சேருவோம். பிந்துவது எனக்குப் புதிதல்ல.

மச்சானின் கடிதம் கண்டவுடனேயே புறப்பட்டிருக்கவேண்டும். தங்கம் அன்றே பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். நான் முறைப்படி நீண்ட விடுமுறைக்கு விண்ணப்பித்தேன். கந்தோரில் ஆட்கள் குறைவு. புதிய மேலதிகாரி வருவார், வந்ததும் பார்ப்பார் என்றார்கள். அவர் வர ஐந்து மாதம். வந்து என் விண்ணப்பம் இருக்கும் கடதாசிக் கட்டைத் தேட மூன்று மாதம். "நான் செல்வியையும் கூட்டிக்கொண்டு முன்னால போறன்" என்று தங்கம் இரண்டு முறை கேட்டாள். "தனியாகக் கப்பலில் போவது பயம், கொஞ்சம் பொறு" என்றேன். அறுபது வயதில் கடல் கடந்து வந்தவரின் மகளிடம் நான் சொன்ன புத்தி அது.

கையெழுத்து விழுவதற்கு முன் தந்தி வந்தது, கந்தோருக்குத்தான். மாமி காலையில் தங்கத்தின் வீட்டைக் கூட்டிவிட்டு, விளக்குமாற்றைச் சாத்திவைத்து உட்கார்ந்தவர் எழும்பவில்லை என்பது பிறகு கடிதத்தில் தெரிந்தது. தந்தியில் இரண்டே சொல். நான் உடனே வீட்டுக்கு ஓடவில்லை. அரைநாள் லீவுக்குக் கடதாசி எழுதி, மேலதிகாரி கையெழுத்து வைக்கும்வரை மேசைக்கு முன்னால் நின்றேன். இதை யாரிடமும் இதுவரை சொல்லவில்லை.

தங்கம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மத்தியானத்தில் என்னைக் கண்டதும் துருவலை அப்படியே விட்டு எழுந்தாள். கையைக் கழுவினாள், கூந்தலை அவிழ்த்தாள், முன் அறையில் நிலத்தில் உட்கார்ந்தாள்.

அவள் வாழ்நாளில் பாடியதில்லை. பாட ஒருவர் இருந்த வீட்டில் வளர்ந்தவள். ஆனால் தாய் செத்தால் மகள் பாடவேண்டும். முன்னும் பின்னும் அசைந்து, குரல் பிடிபடாமல் தொடங்கினாள்:

கப்பலேறிப் போன புள்ள
கண்டுகொள்ள வரல்லையே

அதற்கு மேல் வரவில்லை. மறுபடி பாடினாள். அதே இடத்தில் நின்றது. பெரிய கிளாக்கரின் மனைவி சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்றார். அவர் யாழ்ப்பாணத்தார், எங்கள் பாட்டு அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த செல்வி புத்தகப் பையோடு அவருக்குப் பின்னால் நின்றாள். தங்கம் மூன்றாம் முறையும் அந்த இரண்டு வரியைப் பாடிவிட்டு, மேலே சொல் இல்லாமல் வாயைத் திறந்தபடி இருந்தாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் கவி கட்டத் தெரியாதவன். ஆனால் வாயில் வந்தது:

ஒப்பம் வைக்க ஆளில்லாம
ஒரு வருசம் போச்சுதம்மா

சொன்ன பிறகு வெட்கமாயிருந்தது. செத்த வீட்டில் கந்தோர்க் கதை. தங்கம் அசைவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஏசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கி, என் வரிகளையும் சேர்த்து, நாலையும் பாடினாள்.

செல்வி பையை இறக்கிவைத்து என் பக்கத்தில் வந்தாள்.

"ஒப்பம் எண்டா என்னப்பா?"

"கையெழுத்து."

அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அதுக்காகவா நாங்க போகல்ல?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

செல்வி என்னை விட்டுப் போய்த் தாயின் அருகில் நிலத்தில் உட்கார்ந்தாள். தங்கம் மறுபடி முதலிலிருந்து பாடத் தொடங்கினாள்.